எறியச் சொன்ன கணினி

என் அக்கா கல்வெட்டு அடிக்கிறவர். சுன்னாகத்தில் அப்படிச் சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்வதானால், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. தேவாரம், இறந்தவரின் வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், முன்பக்கத்தில் படம். அந்தியேட்டியைத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே கல்வெட்டும் பிந்தக் கூடாது.

அக்காவிடம் இரண்டு கணினிகள். பழையதில்தான் தட்டச்சுச் செய்வார். பழைய தமிழ் எழுத்துரு அதில்தான் இருக்கிறது. அவருடைய விரல்களுக்கு அந்த முறைதான் தெரியும். அடித்து முடித்ததை ஒரு வயர் வழியாகப் புதியதற்கு அனுப்புவார். அங்கிருந்து அச்சகத்துக்குப் போகும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சண்டைக்கால இடம்பெயர்வில் பள்ளிக்கூடம் எங்களை விட்டது என்றும் சொல்லலாம். பிறகு வவுனியாவில் மூட்டை தூக்கினேன், குருநகரில் படகில் போனேன், கட்டாரில் ஒரு பண்டகசாலையில் கணினிகளுக்கு வயர் இழுத்தேன். ஊருக்கு வந்தால் அக்கா வீட்டு முன்னறைதான் என் இடம். கணினிகளும் அங்கேதான்.

இந்த முறை நான் வந்தபோது, புதிய கணினியின் இயங்குதளத்துக்கு இனி ஆதரவு கிடையாது என்று திரை சொல்லிக்கொண்டிருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் பல அதில் திறக்கவில்லை. “உதை மாத்திவிடு” என்றார் அக்கா. புதிய பதிப்பை இறக்கி ஏற்றினேன். எல்லாம் வடிவாக வந்தது. பழைய கணினி மட்டும் காணாமல் போனது. மேசையில் பக்கத்தில்தான் இருந்தது. புதியதின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அந்தக் கிழமைதான் அளவெட்டியிலிருந்து ஒருவர் வந்தார். தகப்பன் இறந்திருந்தார். தாய் எப்போதோ போய்விட்டார். புதிய கணினி வாங்க முன்னமே, தாயின் கல்வெட்டையும் அக்காதான் அடித்தவர்.

“அம்மாவையும் ஐயாவையும் சேத்து முன்பக்கத்திலை போட வேணும் அக்கா” என்றார். “அம்மான்ரை படம் எங்களிட்டை இல்லை. வன்னியிலை அலைஞ்சு திரிஞ்சதிலை கல்வெட்டும் துலைஞ்சு போச்சு. உங்கடை கொம்பியூட்டரிலை இருக்குமோ?”

“ஓம், இருக்கு” என்றார் அக்கா.

இருந்தது. பழையதின் திரையில் திறந்து காட்டினோம். மனிதர் கதிரையை இழுத்துக் கிட்டவாக இருந்து பார்த்தார். ஆனால் அதை வெளியே எடுக்க வழியில்லை. திரையைப் போனில் படமெடுத்தால் அச்சில் வரி வரியாக விழும். யூஎஸ்பி துளைகள் எறும்பு குடியிருந்து செத்துப்போனவை. சீடி எழுதுகிற தட்டு அசைவதை நிறுத்திக் கனகாலம். அந்த வயர் ஒன்றுதான் வாசல்.

பழையதின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்துத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினேன். மடியில் வைத்திருந்ததைக் கொண்டக்டர் பார்த்தான்.

“அண்ணை, உதுக்குள்ளை என்ன, கோழியோ?”

“கொம்பியூட்டர்.”

“உயிரோடை இருக்கோ?”

“இருக்கு.”

“அப்ப அதுக்கும் ரிக்கெற் எடுங்கோ.”

கணினிக் கடைக்காரர் நல்ல மனிதர், விசயம் தெரிந்தவர். பெட்டியைத் திறக்காமலே சொன்னார்: “அண்ணை, உதை எறியுங்கோ. புதுசு உதோடை கதைக்காது. பழைய வழியாலை வைரஸ் வருதெண்டு அந்தக் கதவைப் பூட்டிப்போட்டாங்கள்.”

“பூட்டினதைத் திறக்கேலாதோ?”

“திறக்கலாம். திறக்கக் கூடாது. உந்த வயசு டிஸ்க்கை வாசிக்கிற சாமான் இங்கை இல்லை, கழற்றிக் கொழும்புக்கு அனுப்புவம். ஆனா எப்ப வரும் எண்டு சொல்லேலாது.”

அந்தியேட்டிக்கு இருந்தது இரண்டு கிழமை, பதினாலே நாள்தான். ‘திறக்கலாம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியோடு திரும்பினேன். எங்கள் வீட்டுக்குள் எந்தக் கணினி எதோடு கதைக்க வேண்டும் என்பதை எங்கேயோ இருக்கிறவன் தீர்மானிக்க நான் விடப்போவதில்லை.

முதலில் வெளி இணைய இணைப்பைப் பிடுங்கினேன். வைரஸ் வருகிற வழி அதுதானே. பிறகு புதியதின் அமைப்புகளுக்குள் தேடிப் பழைய பகிர்வு முறைக்கான கட்டத்தில் குறி போட்டேன். திரை எச்சரித்தது. ஓம் என்றேன். பழைய கணினியின் பெயர் திரையில் வந்தது. அமத்தினேன். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன், மறுத்தது. சரியான சொல்லைத்தான் கொடுத்தேன். அடுத்த நாளும் கொடுத்தேன், அதற்கு அடுத்த நாளும். அளவெட்டிக்காரர் காலையில் எங்களுக்குப் போன் எடுப்பார். அக்கா “வேலை நடக்குது தம்பி” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்.

ஒருநாள் அக்கா சந்தைக்கு வெளிக்கிட்டபோது பழையதின் பிளக்கை இழுத்தார்.

“நான் வேலை செய்யிறன் அக்கா.”

“நீ குளிக்கக் கேணியடிக்குப் போகப்போறாய் எண்டு சொன்னாயெல்லே. வீட்டிலை ஆளில்லாட்டிக் கரண்டுக்குத் தைரியம் வந்திடும்.”

எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் உண்டு. இருட்டில் இருந்த வருடங்களுக்குப் பிறகு கரண்ட் திரும்பி வந்தபோது கூடியும் குறைந்தும் வந்தது. பக்கத்து வீட்டு ரீவி புகைந்தது. அன்றிலிருந்து வெளியே போகிறவர்கள் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் படலையைச் சாத்துவார்கள்.

அவர் திரும்பி வந்து கணினியைப் போட்டபோதுதான் திரையின் மூலையைக் கவனித்தேன்.

“உது ஏன் பழைய வருசத்தைக் காட்டுது?”

“அது எப்பவும் அப்பிடித்தான். பிளக்கைக் கழற்றினா மறந்துபோகும். நான் திகதி பாக்கிறது கலண்டரிலை.”

கட்டாரில் இதே கூத்தைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கணினிகளின் திகதி ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி இருந்தால் ஒன்று மற்றதை நம்பாது. புதியதில் முன்பிருந்த இயங்குதளம் இதைக் கண்டுகொள்ளவில்லை, நான் ஏற்றியது கறார்க்காரன். உள்ளே இருக்கும் சின்னப் பற்றரி செத்ததால், எங்கள் பழைய கணினி பிளக்கைப் போடும் ஒவ்வொரு முறையும் தான் பிறந்த வருடத்தில் எழும்பிக்கொண்டிருந்தது.

சந்தையில் வெங்காயக் கடைகளுக்குப் பின்னால் மணிக்கூடு திருத்துகிறவரிடம் அந்தப் பற்றரி இருந்தது. போட்டேன். திகதியைச் சரிசெய்தேன். கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திறந்தது.

படம் முதலில் வந்தது. பிறகு கல்வெட்டு வந்தது. புதியதில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது. எழுத்துருவையும் வயர் வழியாக இழுத்துப் போட்டதும் தேவாரம் தேவாரமாக நின்றது.

அளவெட்டிக்காரர் வந்து பார்த்தார். ஐயாவின் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிறகு, “அம்மா எந்தப் பக்கம் வரவேணும்?” என்று கேட்டார்.

“ஐயாவுக்கு இடப்பக்கம்” என்றார் அக்கா, படத்தை நகர்த்தியபடி.

அந்தியேட்டிக்கு முதல் நாள் புத்தகக் கட்டு அளவெட்டிக்குப் போனது. ஒரு பிரதியைத் திருநெல்வேலிக் கடைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். கடைக்காரர் முன்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“அடுத்த அப்டேற்றிலை திரும்பவும் பூட்டுவாங்கள் அண்ணை.”

“திரும்பவும் திறப்பம்.”

“நீங்கள் ஊரிலை நிக்கிற ஆளோ?”

அது நியாயமான கேள்வி. வீட்டுக்குப் போய் அக்காவை இருத்தி, எதைப் பிடுங்குவது, எங்கே குறி போடுவது என்று காட்டினேன்.

அடுத்த அப்டேற் பூட்டியபோது நான் மன்னாரில் நின்றேன். அக்கா எனக்குப் போன் எடுத்தார், உதவி கேட்க அல்ல. தானே திறந்துவிட்டாராம். வழக்கம்போலப் பழையதின் பிளக்கை இழுத்துவிட்டுச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தார்.