துடைக்காத நினைவகமும் ஒரு கல்யாண ஓலையும்

சர்வருக்கு நிரல் எழுதிப் பிழைக்கும் சக பாவிகளே, ஒன்றும் தெரியாத முதலாளியைச் சமாளித்துவிடலாம். பாதிக் கட்டுரை படித்த முதலாளியிடம்தான் நம் உயிர் போகும்.

2014 வாக்கில் மார்த்தாண்டத்தில் ஒரு பாத்திரக்கடை மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. ஒரு கல்யாணத் தகவல் மையத்துக்கு, இரு வீட்டாரும் செய்தி அனுப்பிக்கொள்ள, சர்வரில் ஓடும் நோட் ஜேஎஸ்ஸில் ஒரு செயலி எழுதிக்கொடுத்தேன்.

வேகம்

ஒவ்வொரு செய்திக்கும் கணினியிடம் ஒரே அளவு நினைவகம் வாங்குவேன். அதில் பழைய செய்தியின் மிச்சம் கிடக்கும் என்பதால், முதலில் துடைக்க ஒரு வரி எழுதியிருந்தேன். துபாயிலிருந்து திரும்பிய முதலாளி, வேகத்தைப் பற்றி ஏதோ கட்டுரையைப் பாதி படித்துவிட்டு, அதை எடுக்கச் சொன்னார். அதனால் மீளும் நேரம் கண்ணிமைக்கும் அளவுகூட இல்லை. நாளெல்லாம் நாலைந்து வீடு பேசிக்கொள்கிற இடத்தில் இந்த வேகம் எதற்கு என்று கேட்டேன்.

"மக்கா, துபாயில எல்லாவனும் இப்பிடித்தான் செய்யான். நீ சொன்னத எழுது."

வால்

ஒரே வாரத்தில் செய்திகளின் கடைசியில் பழைய செய்தியின் மிச்சம் வாலாக முளைத்தது. மையத்தை நடத்தும் ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். அது பாதுகாப்புக் குறியீடு என்று முதலாளி கூசாமல் சொன்னார்.

"கொள்ளாம். ஒரு வால்ல 'பொண்ணு நெறம் கொறவு'ன்னு கெடக்கு, அதுவும் பாதுகாப்பா?"

ஓலை

குளச்சல் மீன் வியாபாரி ஒருவரின் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பதாக, அதாவது நடக்கப்போகும் கல்யாணத்தைப் பூசையில் ஊரறிய அறிவிப்பதாக, இருந்தது. சனிக்கிழமை காலை மாப்பிள்ளையின் அம்மா ஸ்டெல்லா அக்காவுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பினார். அடுத்தாற்போல் பெண் வீட்டுக்கு, "நாளை பூசைக்கு வருகிறோம்" என்று குட்டியாக ஒன்று. குட்டிச் செய்தி நீளமானதன் தலையை மட்டும் மறைத்தது. மிச்சம் பெண் வீட்டுக்குப் போய்விட்டது: "...ஓலை வாசிச்சாலும் வேற நல்ல இடமும் பாருங்க. இது கையில கெடக்கட்டும்."

மதியம் வியாபாரி மாடியேறி வந்தார். "பிழை இந்தப் பயலுக்கதுதான்" என்று முதலாளி என்னைக் காட்டிவிட்டு என் பின்னாலேயே ஒதுங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாபாரி போனை நீட்டி, "அவியளுக்க சொந்த வார்த்தையா மக்களே இது?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அங்கேயே பங்குச் சாமியாரை அழைத்தார். "ஃபாதர், நாளைக்கு எனக்க மவளுக்க ஓலை வாசிக்காண்டாம்." என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

முதலாளி உடனே முன்னால் வந்தார்.

"பாத்தியாலே, ஒன் பேச்சக் கேட்டுத் தொடச்சிருந்தா அந்தப் பிள்ளைக்க வாழ்க்கை என்னாவும்?"

அன்றே துடைக்கும் வரியைத் திரும்ப எழுதினேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காத்த பெருமையை மட்டும் முதலாளி இன்றுவரை துடைக்கவிடவில்லை.