காட்டு மிளகுக்கு ஐஸ்

தென்காசியிலிருந்து புனலூர் போகும் பஸ்ஸில் என் அருகில் அமர்ந்த அந்தப் பெண்ணின் மடியில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைப் பார்ப்பதுபோல, அடிக்கடி மூடியைத் திறந்து தொட்டுக்கொண்டார். உள்ளே குற்றாலம் மலையில் பறித்த காட்டு மிளகுத் தளிர்கள். கேரளத்து ஆய்வகம் ஒன்றில் அதன் மரபணுத் தொடரை முழுவதும் படிக்கப் போகிறார்களாம்.

புளியறை செக்போஸ்ட் லாரி நெரிசலில் பஸ் நின்றுவிட்டது. ஐஸ் உருகியது. அவர் இறங்கி ஓடி, மீன் லாரி டிரைவரிடம் ஐஸ் கேட்டார். நானும் கூடப் போனேன்.

“எலைக்கா ஐஸு?” என்று டிரைவர் சிரித்தார்.

“ஆமா அண்ணாச்சி. எலை வாடிட்டுன்னா உள்ள இருக்க மரபணு இழை நொறுங்கிரும். அதத் துண்டு துண்டாப் படிச்சுத்தான் ஒண்ணாச் சேக்கணும். துண்டு சின்னதாயிட்டா எது எதோட சேரும்னு தெரியாது. மனுஷனோட மரபணுவப் படிச்சு முடிச்ச பொறவும், கோதுமையோடதச் சேத்து முடிக்க எத்தன வருஷம் இழுத்துச்சு!”

ஐஸை நிரப்புமுன் ஒரு தளிரைத் தடவினார். துவண்டிருந்தது.

“விடுங்க மேடம், யாருக்குத் தெரியப் போவுது?” என்றேன்.

“துண்டச் சேக்குதவங்க திண்டாடுவாங்கல்லா.”

தளிர்களைக் கொட்டிவிட்டு, புது ஐஸோடு செங்கோட்டை பஸ்ஸில் ஏறி, மறுபடி மலைக்கே போனார். முகத்தில் சலிப்பே இல்லை.

இப்போதெல்லாம் சப்பாத்தியைப் பிய்க்கும்போது, இந்தக் கோதுமையைப் படிப்பதற்காகவும் யாரோ பாதி வழியில் திரும்பிப் போயிருப்பார் என்று தோன்றுகிறது.