நான் கீறேன்

ஏழு வருஷம் புடவைக் கடை விளம்பரங்களில் நின்றேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் முகம் மூன்று மாடி உயரத்துக்குத் தொங்கியது. கண்டெய்னர் லாரி கிளப்புகிற புழுதியெல்லாம் என் கன்னத்தில்தான் படியும். வாயைத் திறக்காமல் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. எங்கள் தெருவில் அதைப் பார்க்காத ஒரே ஆள் என் அம்மா. சர்க்கரை நோயில் அவளுக்குக் கண் எப்போதோ போய்விட்டது.

அதனால் சினிமா வாய்ப்பு வந்தபோது எனக்கு ஒரே சந்தோஷம், இனி அம்மா என்னைக் கேட்கலாம். மீன் விற்கிற பெண் வேடம், நான்கே காட்சிகள். ராயபுரத்தில் பிறந்தவளுக்கு அந்த வசனத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொண்டை கிழியப் பேசினேன். தலைக்கு மேலேயே மைக் இருந்தது, பேசியதுதான் படத்தில் வரும் என்று நம்பிவிட்டேன். ஏழு வருஷம் ஊமையாக நின்றவளுக்கு டப்பிங்கைப் பற்றி என்ன தெரியும்?

படம் வந்ததும் அம்மாவைக் கைபிடித்து மதியக் காட்சிக்கு அழைத்துப் போனேன். திரையில் நான் வந்தேன், வாயைத் திறந்தேன். யாரோ ஒருத்தியின் குரல் கேட்டது.

"இன்னா அண்ணாத்தே, நான் இங்கதான கீது!"

அம்மா சிரித்துவிட்டாள்.

"யாருடி இவ? 'நான் கீது'ன்றா! மீனு கீது, வல கீது. மனுசி 'நான் கீறேன்'னுதான சொல்லுவா? பேசத் தெரியாதவள எங்கேர்ந்து புட்ச்சிகினு வந்தானுங்க?"

நான் சரியாகத்தான் பேசினேன் என்று அங்கே யாரிடம் போய்ச் சொல்வது? அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் அனுபவித்ததே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா என் கையைத் தட்டினாள்.

"நீ எப்போடி வருவே?"

அப்போது திரை முழுக்க நான்தான் இருந்தேன். அவள் காதருகே குனிந்து, திரையில் என் வாய் அசைய அசைய, என் வசனத்தை நானே சொல்ல ஆரம்பித்தேன். "நான் இங்கதான் கீறேன்." அம்மாவின் விரல்கள் என் கையை இறுக்கின. ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. முன்சீட்டுக்காரர் திரும்பி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"யம்மா, கொஞ்சம் கம்முனு கெட. படத்தப் பாக்க வுடு."

சொல்லிவிட்டு, திரையில் என்னைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.