கிணற்றை வெளியே விட்ட வேலி

எங்கள் ஒழுங்கையில் எனக்கு விடுப்புக்காரி என்று பெயர். யார் வீட்டுக்கு யார் வந்தது, எதற்கு வந்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தைப் பார்த்துத்தான் ஊர்ச் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள் என்று என் கணவர் பகிடி பண்ணுவார். அதில் பிழையில்லை. சங்க வேலையில் பாதி விடுப்புத்தான். எந்த மதகு உடைந்தது, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதெல்லாம் யாராவது எட்டிப் பார்த்தால்தானே தெரியும்.

முல்லைத்தீவுக்குப் போகிற வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை அது. அரைவாசிப் பேர் அந்த ஊர்க்காரர். மற்ற அரைவாசி என்னைப்போல இடம்பெயர்ந்து வந்து ஒதுங்கியவர்கள். நான் கொக்கிளாய்க்காரி. எல்லா வளவிலும் கிணறு இருந்தது, எல்லாம் சவர். குளிக்கலாம், தோய்க்கலாம், வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் ஊறியது ஒரேயொரு கிணற்றில். அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வளவு. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்த முஸ்லிம்களை எல்லாம் இயக்கம் போகச் சொன்னபோது அவர்களும் கையில் அகப்பட்டதோடு புத்தளம் போய்விட்டார்கள். பின்னால் கூரை போன வீடு, முன்னால் ஒழுங்கை, இரண்டுக்கும் நடுவில் கிணறு. வேலியும் இல்லை. நாங்கள் அள்ளினோம். சங்கம் கிணற்றுக் கட்டை உயர்த்தியது, சீமெந்து நிலம் போட்டது, கப்பி மாட்டியது, வருடா வருடம் இறைத்துத் தூர் வாரியது. பிறகு குளிப்பும் தோய்ப்பும்கூட அங்கேயே என்றாகிவிட்டது. அதற்கு ‘ஊர்க் கிணறு’ என்று பெயரும் வந்தது.

சமாதானம் வந்து பாதை திறந்த பிறகு ஒருநாள் காலை நான் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். தொப்பி போட்ட ஒருவர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆரைத் தேடுறியள்?” என்றேன்.

“ஒருதரையும் இல்லைத் தங்கச்சி. என்ர வீட்டைப் பாக்க வந்தனான்.”

வாளியை நீட்டி, “தண்ணி குடிக்கிறியளோ?” என்று கேட்டுவிட்டேன். அவருடைய கிணற்றுத் தண்ணீரை அவருக்கே! அவர் சிரித்தார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார்.

அன்று பின்னேரமே சங்கம் அவசரமாகக் கூடியது. எங்கள் தலைவர் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல மனிதர். ஆனால் மேடை கண்டால் விடமாட்டார். “நாங்கள் முறையாய்ப் போய் வரவேற்று, முறையாய்க் கேக்கவேணும்” என்றார். மறுநாள் முப்பது பேர் மட்டில், வாழைப்பழச் சீப்பும் சீனியுமாகப் போனோம். கூரையில்லாத அந்த வீட்டு வாசலில் நின்று தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில், “நானா, ஊர்ச் சனம் இனியும் இந்தக் கிணத்தில அள்ளலாம்தானே?” என்று கேட்டார்.

முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நானா எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “ஓம், அள்ளுங்கோ. தண்ணி அல்லாஹ்வின்ர” என்றார். எல்லோரும் கைதட்டினோம். தலைவர் அவரைக் கட்டிப்பிடித்தார். நானா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். கொடுத்து மகிழ்கிறவர் ஏன் நிலத்தைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதே ஒரு கீறல் விழுந்தது.

பிறகு அவர் தகரம் வாங்கிக் கூரை போட்டார். அது முடிய வேலி போடத் தொடங்கினார். கிளுவங் கதியால் தடிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து ஒரு நேர்கோட்டில் நட்டார். கோடு எங்கே போகிறது என்று நான் என் வீட்டுப் படலையில் நின்றபடியே பார்த்தேன். அது ஒழுங்கை ஓரமாகப் போகவில்லை. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவால் போனது! கிணற்றை எங்கள் பக்கம் விட்டுவிட்டுத் தன் வளவைச் சுருக்கிக்கொண்டார்.

கிணற்றடியில் அன்றைக்குத் தண்ணீரைவிடக் கதைதான் கூட. தருமத்துக்கு எழுதிவிட்டார் என்றது ஒரு கூட்டம். வளவை விற்கப் போகிறார், அதுதான் எல்லை பிரிக்கிறார் என்றது இன்னொன்று. தலைவர் அடுத்த கூட்டத்தில் நன்றித் தீர்மானம் கொண்டுவந்தார். எனக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. ஏனென்றால் வேலி முடிந்த கையோடு அவர் உள்ளே, வீட்டுக்குப் பின்னால், புதிதாக ஒரு கிணறு வெட்டத் தொடங்கியிருந்தார். நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருக்கிற மனிதன் எதற்கு இன்னொன்று வெட்டுகிறான்? கேட்டேன். “சும்மாதான் தங்கச்சி” என்றார். சும்மா யாராவது கிணறு வெட்டுவார்களா? வெட்டி முடித்து வாயில் வைத்துப் பார்த்தார். அதுவும் சவர், ஒரு வாளி அள்ள அடி தெரிந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நெடுநேரம் குந்தியிருந்தார்.

பள்ளிக்கூட லீவுக்கு அவருடைய மனைவி இரண்டு மகள்மாரோடு புத்தளத்திலிருந்து வந்தா. வந்து பார்த்துப் பிடித்தால் இங்கேயே தங்குவது, இல்லாவிட்டால் திரும்புவது என்று கதை. வந்து நாலைந்து நாளாகியும் மூவரும் வேலிக்கு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நானாதான் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. நாலு முருங்கைக்காயைச் சாட்டாகப் பிடித்துக்கொண்டு போனேன்.

அவா நல்ல முகத்தோடு கதிரை தந்தா. இங்கே பிறந்து வளர்ந்தவாதான். எந்த மாமரம் யார் வைத்தது என்றெல்லாம் சொன்னா. பிறகு குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, கிணத்தடியில ஆக்கள் இல்லாத நேரம் எது?” என்று கேட்டா.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விடிய நாங்கள் பெண்கள். பிறகு வயலுக்குப் போகிற ஆண்கள். மதியம் பொடியன்கள். பின்னேரம் வேலை முடிந்து சாரத்தோடு குளிக்க வருகிறவர்கள். அதற்குப் பிறகும் யாராவது. மனதுக்குள் ஒரு நாள் முழுவதையும் சுற்றி வந்து பார்த்தேன். அப்படி ஒரு நேரமே இல்லை.

“இல்லை அக்கா” என்றேன்.

“எனக்கும் தெரியும். வேலிக்குள்ளால பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்.” அவா மூத்த மகளைப் பார்த்தா. அந்தப் பிள்ளைக்குப் பதினாலு வயதிருக்கும். “குமர்ப் பிள்ளையளை அவ்வளவு ஆம்பிளையளுக்கு நடுவில எப்பிடி விடுறது? கிணத்தைச் சுத்தி அடையுங்கோ எண்டு இவரிட்டைச் சொன்னன். குடுத்த சொல்லுக் குடுத்ததுதான் எண்டுறார். எங்களுக்கெண்டுதான் உள்ள வேற கிணறு வெட்டினவர், அதுவும் சரிவரேல்லை. முப்பது பேர் வாசலில வந்து நிண்டு கேட்டா, பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வந்த மனிசன் மாட்டன் எண்டு சொல்லுமோ? லீவு முடிய நாங்கள் போறம். இவர் தனிய இருக்கட்டும்.”

வெளியே வந்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தலைவர் மேல், எங்கள் வாழைப்பழச் சீப்பின் மேல், கைதட்டிய என் கை மேல். கொக்கிளாயில் எங்களுக்கும் ஒரு கிணறு இருந்தது. அதில் யார் அள்ளுகிறார்களோ தெரியாது. நாளைக்கு நான் அங்கே போய் நிற்க, முப்பது பேர் சிரித்த முகத்தோடு வந்து கேட்டால் நானும் ஓம் என்றுதான் சொல்வேன். சொல்லிவிட்டு அழுவேன்.

கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னேன். தலைவர் திகைத்துப்போனார். “அந்தாள் வாயாலயே ஓம் எண்டவர்தானே?”

“அப்பிடிக் கேட்டா வேற என்ன சொல்லுறது, ஐயா?”

பின்னாலிருந்து ஒரு பெண், “அப்ப நாங்கள் என்னத்தைக் குடிக்கிறது?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. குளிப்பையும் தோய்ப்பையும் அவரவர் வீட்டுச் சவர்க் கிணற்றோடு நிறுத்தலாம், குடிக்கிற தண்ணீருக்கு அவர்களாகப் பார்த்து ஒரு வழி சொன்னால் சரி, சொல்லாவிட்டால் அதுவும் சரி என்றேன். முணுமுணுப்பு எழும்பியது. தலைவர்தான் அடக்கினார். அடக்கிவிட்டு, “அப்ப கிணத்தைக் கையளிக்க ஒரு சின்ன விழா வைப்பம்” என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவருடைய கிணற்றை அவருக்கு விழா வைத்துக் கையளிக்கிறதா!

விழா வேண்டாம், கூட்டமாகவும் போக வேண்டாம் என்று முடிவாயிற்று. நானாவிடம் கேட்டால் மறுபடியும் மரியாதைக்கு ஏதாவது சொல்வார். ஆகவே நான் தனியாகப் போய் அக்காவிடம் கேட்டேன்: “வேலியை ஒழுங்கைப் பக்கம் தள்ளி நடட்டோ?” அவா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலைச்சீலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, முதல்முறையாக வெளியே வந்து, கிணற்றைத் தாண்டி நடந்து, ஒழுங்கை ஓரத்தில் காலால் ஒரு கோடு கீறினா.

அடுத்த நாள் ஏழெட்டுப் பேர் அலவாங்கோடு வந்தார்கள். கதியால்களைப் பிடுங்கி அந்தக் கோட்டில் நட்டு, பனையோலையால் அடைத்துக்கொண்டு போனார்கள். நானா தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் முகத்தையும் பார்க்காமல் கொடுத்தார், ஆனால் இந்த முறை கண் கலங்கியிருந்தது. நாங்கள் பெண்கள் வெறுங்குடத்தோடு ஒழுங்கையில் நின்றோம். அடைப்பு முடிகிற இடத்துக்கு வந்ததும் தலைவர் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு, குடங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்காவிடம் மெல்லக் கேட்டார்.

“பிள்ளை, சனம் வந்து போக வேலியில ஒரு பொட்டு விடவேணுமெல்லோ. எவடத்தில விடுறது?”

அக்கா வேலியை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தா. அவசரமே படவில்லை.

“அதை நான் பிறகு சொல்லுறன்” என்றா.

தலைவரின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ துள்ளலாம் போலிருந்தது. லீவு முடியத் திரும்பிப் போகிறவள் பிறகு சொல்கிறேன் என்று சொல்லமாட்டாள். அவர்கள் வீட்டுப் படலையைத் தவிர வேறு வழி விடாமலே அடைத்து முடித்தார்கள். உள்ளே கப்பி சத்தம் போட்டது, தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது, பிள்ளைகள் இரண்டும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எட்டிப் பார்க்க ஒரு ஓட்டைகூட இல்லை. நான் வீட்டுக்கு வந்து எங்கள் கிணற்றில் அள்ளித் தேத்தண்ணி போட்டேன். வாயில் வைக்க முடியாத சவர். குடித்தேன்.