கண்ணை மூடி எடுத்த குழல்

கைப்பிடி வழுவழுத்துப்போன அந்த எஃகுக் கம்பி இன்றும் எங்கள் ரைபிள் கிளப் பீரோவில் இருக்கிறது. துப்பாக்கிக் குழலுக்குள் துணி விட்டுத் துடைக்கிற கம்பி. அதைத் தொட்டாலே எனக்கு அண்ணி நினைவுதான். என் அண்ணன் மனைவி. பொன்மலை ரயில்வே பணிமனையில் எழுத்தர். ஞாயிறு தவறாமல் குறி பார்த்துச் சுடுகிறவர்.

ஒரு வருடம் அண்ணியின் குறி சிதறத் தொடங்கியது. ஐந்து குண்டும் ஒரே பொத்தலில் விழுகிற குறி அட்டையில் ஐந்து தனித்தனி ஓட்டைகள். மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்க இரண்டு மாதம்தான் இருந்தது. நாற்பதைத் தாண்டியாயிற்று, இனிமேல் கை நிற்காது என்று கிளப்பில் ஆளுக்கு ஆள் பேசினார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது, அண்ணிக்கு வரவில்லை. "இத்தன வருஷமா எல்லாரும் சுட்டு கிளப் துப்பாக்கி உள்ள தேஞ்சு கெடக்கு. குழல மாத்துங்க. அப்பவும் சிதறிச்சுன்னா நானே ஒதுங்கிக்கறேன்" என்று செயலாளரிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். இப்படி வாயைக் கொடுத்திருக்க வேண்டாமே என்று வீடு வரை அவரிடம் புலம்பிக்கொண்டே வந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. "உங்க அண்ணி குழல் கத்துக்கறாளாமே? பெருமாளுக்கு ஒருநாள் வாசிக்கச் சொல்லு" என்றார்.

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் பாய், எங்கள் கிளப் ரைபிளுக்குப் பொருந்துகிற இரண்டு குழல்களை மேஜையில் வைத்தார். ஒன்று பளபளவென்று மினுங்கியது, மற்றது மங்கல். செயலாளர் உடனே மினுங்கியதைக் கையில் எடுத்தார். நானும் அதையே காட்டினேன்.

"மொகத்தப் பாத்து முடிவு பண்ண இது என்ன பொண்ணு பாக்குற விசேஷமா?" என்ற அண்ணி, கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி என்னிடம் கொடுத்தார். "கண்ண மூடிக்க. மெதுவாத் தள்ளு. எது எதுன்னு சொல்லமாட்டேன்."

முதல் குழலில் கம்பி நடுவழியில் பிடி விட்டு வழுக்கி ஓடியது. அந்த இடத்தில் உள்ளே அகன்றிருக்கிறது, குண்டு அங்கே தளர்ந்துவிடும். இரண்டாவதில் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே இறுக்கம், முறுக்கு அச்சை அழுத்துவதுபோல. "இதுதான் அண்ணி" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தேன். மங்கல் குழல். "தங்கச்சி கை சரியாத்தான் சொல்லுது" என்று பாய் சிரித்தார்.

புதுக் குழல் பூட்டிய முதல் ஞாயிறே அண்ணியின் அட்டையில் ஐந்துக்கும் ஒரே பொத்தல். மாநிலப் போட்டிக்கும் போனார். வயதைப் பேசியவர்களுக்கு அட்டையைக் காட்டக்கூட அவர் மெனக்கெடவில்லை. நான்தான் அந்த அட்டையைத் தெரு முழுக்கக் காட்டினேன், மாமி உட்பட.

இப்போது எனக்கு நாற்பத்தாறு. போன மாதம் என் அட்டையும் சிதறியது. நானும் வீறாப்பாக, குழலைப் பாருங்கள் என்றேன். இன்று காலை அதே கம்பியில் துணி சுற்றி, கண்ணை மூடிக்கொண்டு தள்ளினேன். எங்காவது ஓரிடத்தில் வழுக்கிவிடாதா என்று மனசு கெஞ்சியது. வழுக்கவே இல்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன். "குழல்ல ஒரு குறையும் இல்லீங்க அண்ணி."

"அப்ப கண்ணத் தொற," என்றார். "தொறந்து டாக்டர்கிட்ட காட்டு."