வெடி சார் கையில் பச்சை விளக்கு

வெடி சாருக்குக் கோபமே வராது என்று அவர் மனைவி சொன்னால் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவரும் அதைத்தான் விரும்பினார். வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் "பரவாயில்லை, துடைச்சுக்கலாம்" என்கிற மனிதர், பத்தாம் வகுப்பின் வாசலை மிதித்ததும் வேறு ஆளாகிவிடுவார்.

அந்தக் கோபத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். நிதானமாக மடித்து மேஜைமேல் வைப்பார். பிறகு கையிலிருக்கும் சாக்பீஸை இரண்டாக உடைப்பார். அந்தச் சின்னச் சத்தத்துக்கே கடைசி பெஞ்சு முதுகை நிமிர்த்திக்கொள்ளும். அதற்கப்புறம்தான் வெடி. பக்கத்து அறையில் வரலாறு நடத்துகிற டீச்சர் அந்த நேரம் பார்த்துப் போரை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொள்வார். நிறுத்தாவிட்டாலும் யார் காதிலும் விழப்போவதில்லை.

இந்தக் கோபம் பிறவிக்குணம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. பிள்ளைகள் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவன் சன்னல் வழியாக வெளியே குதித்து, வாசல் வழியாக வந்து, "உள்ள வரலாமா சார்?" என்று மரியாதையாகக் கேட்டான். "வாப்பா" என்றார். அவன் உள்ளே வந்து மறுபடி சன்னல் வழியாகப் போனான். அந்த வருஷம் பாதி வகுப்பு கணக்கில் கோட்டைவிட்டது. வேலையை விட்டுவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், வட்டம் போடுகிற பெரிய மரக் காம்பஸ் கைதவறி மேஜைமேல் விழுந்தது. டமால்! வகுப்பு கப்சிப். ஏதோ பூதத்தைப் பார்ப்பதுபோல எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குமே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்த அமைதியில் ஒரு கணக்கை முழுசாக முடித்தார். அன்று சாயங்காலமே குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று புருவத்தை உயர்த்திப் பழக ஆரம்பித்தார்.

கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஊருக்கு ஒரு வெடி சார் போதும் என்கிற அளவுக்குப் பேர். அவரிடம் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைச் சேர்க்க வரும்போதும், வாசலிலேயே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டுதான் நுழைவார்கள்.

இந்தப் பேருக்கு வேட்டு வைக்க ஒரு அட்டைப்பெட்டி வந்தது. ஏதோ ஒரு கம்பெனி, ஆசிரியர்களின் உடல்நலத்துக்காக ஒரு கைப்பட்டையைத் தயாரித்து, உங்கள் பள்ளியில் கட்டிப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தது. மனசு அமைதியாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். கொஞ்சம் படபடத்தால் மஞ்சள். நெஞ்சு அடித்துக்கொண்டால் சிவப்பு. சிவப்போடு நின்றாலும் பரவாயில்லை, உள்ளிருந்து ஒரு பெண்குரல் வேறு புத்தி சொல்லும்.

யார் கையில் கட்டுவது என்று ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. பொறுப்பு கம்ப்யூட்டர் டீச்சருடையது. சின்னப் பெண், எதையும் சுற்றிவளைக்கத் தெரியாது.

"சார், நீங்கதான் சரியான ஆள். உங்களவிடக் கோபக்காரர் இங்க யாரு இருக்கா? உங்க கையில கட்டினாதான் சிவப்பு எரியுதான்னு பாக்க முடியும்."

"எனக்கெதுக்கும்மா? எனக்கு ஏற்கெனவே கடிகாரம் இருக்கு."

"இது மணி பாக்க இல்ல சார், உங்களப் பாக்க."

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே, "மாசக் கடைசி வரைக்கும் கட்டிக்கங்க சார், எனக்காக" என்றார். அந்த அம்மாள் எதையும் உத்தரவாகச் சொல்லமாட்டார். அதனாலேயே யாரும் தட்டமுடியாது. வெடி சார் கையை நீட்டினார். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சிவப்பு எரியட்டும், பிள்ளைகள் இன்னும் நடுங்கட்டும் என்று நினைத்தார்.

மறுநாள் முதல் பாடவேளையில் யாரோ வீட்டுக்கணக்கு செய்யவில்லை. கண்ணாடி கழன்றது. மடிந்தது. சாக்பீஸ் உடைந்தது. "என்ன நெனச்சுக்கிட்டிருக்கீங்க எல்லாரும்!" என்று அவர் கையை ஓங்கி மேஜையைத் தட்ட, சன்னல் கம்பி அதிர்ந்தது. முதல் பெஞ்சுக்காரன் பயத்தில் தலையைக் குனிந்தான். குனிந்த இடத்தில், அவன் மூக்குக்கு நேராக சாருடைய மணிக்கட்டு இருந்தது.

பச்சை. சிறு நடுக்கம்கூட இல்லாத, அழகான பச்சை.

அவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். அவன் பின்னால் திரும்பினான். விஷயம் கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது சார் இன்னும் கர்ஜித்துக்கொண்டுதான் இருந்தார். எங்கிருந்தோ ஒரு 'களுக்' கேட்டது. இத்தனை வருஷத்தில் அவர் வகுப்பில் கேட்ட முதல் சிரிப்பு அது.

கம்ப்யூட்டர் டீச்சர் பட்டையில்தான் கோளாறு என்று வேறொன்றை மாற்றிக் கட்டினார். அதுவும் பச்சை. சந்தேகத்துக்கு அந்தப் பெண் தன் கையில் கட்டிக்கொண்டு மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்கி ஓடிவர, பட்டை சிவந்து, "கொஞ்சம் உட்காருங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று கொஞ்சியது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்" என்று மூச்சுவாங்கினார். "உங்களுக்குத்தான் கோபம் வரல."

"மெதுவாப் பேசும்மா" என்றார் வெடி சார்.

அன்றிலிருந்து வகுப்பில் ஒரு புது விளையாட்டு தொடங்கியது. யாராவது வேண்டுமென்றே பென்சில் பெட்டியைத் தள்ளிவிடுவது, சார் வெடிப்பது, "சார், பச்சை!" என்று ஒரு கீச்சுக்குரல். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துப் பார்த்தார். வெள்ளைத் துணிக்குள்ளிருந்து விளக்கு இன்னும் குளுமையாகத் தெரிந்தது. கழற்றி எறிந்துவிடலாம்தான். ஆனால் தலைமையாசிரியைக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அதைவிட, கழற்றினால் தோற்றுவிட்டேன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

நிஜமாகவே கோபப்படலாமே என்று முயன்றார். பேருந்தில் காலை மிதித்தவனை நினைத்துப் பார்த்தார். தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை மோதிரத்தைச் சின்னதாக வாங்கிவந்த மச்சானை நினைத்தார். மச்சான் பாவம், நல்ல பையன் என்றுதான் தோன்றியது.

வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தின் முன்னால், உதட்டில் குண்டூசியோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, "இருங்க, நான் கோபமூட்டறேன்" என்று எழுந்தார். மனிதர் மறந்துபோன கல்யாண நாட்கள், தப்பான ரயிலில் ஏற்றிவிட்டது, மாமியாரின் மருந்தை வாங்காமல் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தது என்று ஆதியிலிருந்து ஆரம்பித்தார். சார் தலையைக் குனிந்து, "ஆமா, தப்புதான்" என்றார். பச்சை. சொல்லச் சொல்ல அந்த அம்மாளுக்குத்தான் உஷ்ணம் ஏறியது. அவர் மெல்லப் பட்டையைக் கழற்றி மனைவி கையில் மாட்டினார். உடனே சிவப்பு. "கொஞ்சம் உட்காருங்கள்" என்றது குரல். "நீ யாருடி என்னை உட்காரச் சொல்ல?" என்று அந்த அம்மாள் கேட்க, இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"எனக்குப் பாடம் நடத்த வேற ஒண்ணும் தெரியாதும்மா. சத்தம் போட்டா உக்காருவாங்க, உக்காந்தா சொல்லித்தருவேன். பரீட்சை வருது. இப்ப ஒருத்தனும் பயப்படல. பழையபடி பாதிப் பேர் போயிடுவாங்க. கோபம் போச்சுன்னா என்கிட்ட என்ன இருக்கு?"

"கணக்கு இருக்கே" என்றார் மனைவி.

"அது புஸ்தகத்துலயும் இருக்கு."

அந்த அம்மாள் அவரைக் கையை நீட்டச் சொன்னார். பட்டையைத் திரும்ப அவர் கையில் மாட்டி, வாரை இழுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதிவிட்டு வெடி சார் திரும்பினார். பழக்கதோஷத்தில் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. "பச்சை வரப்போகுது!" என்றான் ஒருவன். கை பாதியிலேயே இறங்கிவிட்டது. அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அவமானமாகவும் இருந்தது. சாக்பீஸை உடைக்காமல் மேஜைமேல் வைத்தார்.

"சரி. யாராவது வந்து போடுங்க" என்றார், வீட்டில் பேசுகிற குரலில்.

ஒரு கை உயர்ந்தது. சன்னலோரத்துப் பெண். வகுப்பில் அவளுக்கு 'ரப்பர்' என்று பேர். எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள், மறுபடி அழிப்பாள், கடைசியில் தாள் கிழிந்துபோகும். சமக்குறிக்கு அந்தப் பக்கம் ஒரு எண்ணைக் கொண்டுபோகும்போது அதன் குறியை மாற்ற வேண்டும். அந்த ஒரு இடத்தில் எப்போதும் தடுக்கி விழுவாள். சார் பெஞ்சுப் பக்கம் வந்தாலே இரண்டு கையாலும் நோட்டை மூடிக்கொள்வாள். கை தூக்கி அவர் பார்த்ததே இல்லை.

"நீயாம்மா?"

"போட்டுப் பாக்கறேன் சார்" என்றாள். "இப்பல்லாம் பயமா இல்ல."

யாரையும் குத்திக்காட்டுவதற்காக அவள் சொல்லவில்லை. ஆனால் சொன்ன சொல் வெடி சாருக்குச் சுருக்கென்று தைத்தது. தடுக்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிவிடத்தான் கத்துகிறோம் என்று இத்தனை வருஷம் அவர் நம்பிக்கொண்டிருந்தார். இவள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததே அந்தக் கத்தலால்தானா? இவளைப்போல இன்னும் எத்தனை பேர் நோட்டைக் கையால் மூடிக்கொண்டே படித்து முடித்துப் போனார்களோ!

அவள் முதல் வரியை எழுதினாள். சரி. இரண்டாவது வரி, எழுத்து கோணலாக இருந்தாலும் அதுவும் சரி. வகுப்பில் பாதிப் பேர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரியில் சமக்குறியைப் போட்டுவிட்டு அவள் நின்றாள். அந்த இடம்தான். வெடி சார் தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வந்தார். குறியை மாத்தும்மா, குறியை மாத்து என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நெஞ்சு திக்திக்கென்றது. மணிக்கட்டில் மஞ்சள் எரிந்து முடிவதற்குள் சிவப்பு வந்துவிட்டது.

முதல் பெஞ்சுக்காரன்தான் முதலில் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனை இடித்தான். விஷயம் பழையபடி கடைசி பெஞ்சுவரை போனது. ஆனால் இந்தத் தடவை அது போன வழியெல்லாம் வாய்கள் மூடிக்கொண்டே வந்தன. "கொஞ்சம் உட்காருங்கள். மூச்சை மெதுவாக விடுங்கள்" என்று பெண்குரல் அந்த அமைதியில் கணீரென்று சொல்லியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

குரலைக் கேட்டு ரப்பர் திரும்பினாள். சிவப்பைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது. கை தானாக டஸ்டருக்குப் போனது.

"அழிக்காதம்மா!"

"தப்பா சார்?"

"தப்பு ஒண்ணும் இல்ல."

"கோபமா இருக்கீங்களா?"

வெடி சார் கையைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். பிறகு, இனி மறைக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார். அவருடைய குரல் பழையபடி முதல் பெஞ்சைத் தாண்டாத குரலாகிவிட்டது. ஆனாலும் அன்று அது அறை முழுக்கக் கேட்டது.

"கோபம் இல்லம்மா. பயம். உனக்கு இந்தக் கணக்கு வந்துடணுமேன்னு பயம். உங்க எல்லாருக்குமே. இத்தன வருஷமா அதேதான்."

அவள் அந்தச் சிவப்பை மறுபடி ஒரு தடவை பார்த்தாள். டஸ்டரை வைத்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள்.

"வந்துடும் சார், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையின் பக்கம் திரும்பி, கழித்தலைக் கூட்டலாக்கி எழுதினாள்.