எண்ணெய் போடாத லேன்

என் நாத்தனார் மேனுஷா இருக்காளே, அவளைப் பத்திப் பேச்சு எடுத்தாலே எனக்கு முதல்ல கோபம்தான் வரும். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துல பிறந்தவ. அம்மா கொழுந்து எடுத்தாங்க. அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், பசறை பஸ்ல கண்டக்டர். இவ மட்டும் மலைக்கும் போகல, கடைக்கும் போகல. பண்டாரவளையில ஒரு ஹோட்டல்ல, கனமான பந்தை உருட்டி, அந்தக் கடைசியில நிக்கிற கட்டைங்களை, அதாவது பின்னைச் சாய்க்கிற பௌலிங் விளையாட்டு ஹோல் இருக்கு. அங்க வேலைக்குச் சேர்ந்தா. சேர்த்துவிட்டதே நான்தான், அதே ஹோட்டல்ல துணி வெளுக்கிற லோண்டரியில இருக்கேன்ல.

பந்து ஓடுற அந்த லேன் மேல எண்ணெய் பூசுவாங்க, தெரியுமா? "தோசைக் கல்லாடி இது?"ன்னு கேட்டேன். அவ சிரிக்கல. எண்ணெய் இருக்கிற வரைக்கும் பந்து வழுக்கிட்டுப் போகுமாம். எண்ணெய் முடியிற இடத்துல சொரசொரப்பான பந்து தரையைப் பிடிச்சு வளையுமாம். அப்படி வளைஞ்சு வந்து இடிச்சாத்தான் பின் எல்லாம் ஒண்ணா விழுமாம். ஆனா லேன் காஞ்சு கிடந்தா அந்தப் பந்து ஆகாது, ஆரம்பத்துலயே பிடிச்சுத் திரும்பி கானுக்குள்ள விழுந்துடும். அதுக்கு வழவழப்பான பிளாஸ்டிக் பந்துதான் சரி. லேன் ஓரத்துல இருக்கிற பள்ளத்தை நாங்க கான்னுதான் சொல்லுவோம், தேயிலை மலையில தண்ணி ஓட வெட்டுற கான் எங்க வாயில வந்துடும்.

வேலை முடிஞ்சதும் உருட்டிப் பழகினா. சரியான கிறுக்கு. விரல் எல்லாம் காய்ப்பு. கல்யாணப் பேச்சை எடுத்தா "இருங்க அண்ணி"ன்னுட்டு ஓடிடுவா. வருஷா வருஷம் இங்க வந்து தங்குற கொழும்பு கிளப் ஒண்ணு இருக்கு. அதோட கோச் லிங்கம் சேர் இவ ஆட்டத்தைப் பார்த்து அசந்துட்டார். "பொம்பளைங்க டீம்ல ஒரு இடம் காலி. எங்க ஷிஹானாவும் அதைக் கேட்கிறா. அடுத்த தடவை ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடுங்க, ஜெயிக்கிறவங்களுக்கு இடம்"னார். அதுக்கப்புறம் இவளுக்குச் சோறும் இறங்கல, தூக்கமும் வரல.

ஆட்டம் ஆயுத பூஜைக்கு மறுநாள்னு பேச்சு. பூஜைன்னா நாங்க சும்மா விடுவோமா? மேனுஷா பழைய எண்ணெயைத் துடைச்சு லேனைக் கழுவி எடுத்தா. எண்ணெய் போடுற மெஷின், தான் ஆசையா வச்சிருக்கிற சொரசொரப்புப் பந்து, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சு சரஸ்வதி படத்துக்கு முன்னால அடுக்கிட்டா. பூஜையில வச்ச சாமானை மறுநாள் காலையில சாமி கும்பிட்டு எடுக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டோம். விடிஞ்சதும் எடுத்து எண்ணெய் போட்டுக்கலாம்னு இருந்தா.

சாம்பிராணிப் புகை கூட அடங்கல, வாசல்ல கொழும்பு வேன் வந்து நிக்குது! மழை பெருசா வருதாம், மண் சரிஞ்சு ரோட்டை மூடிட்டா மாட்டிக்குவாங்களாம். இன்னைக்கே ஆடிட்டு இறங்கணுமாம்.

"மெஷினை எடுடி, சாமி கோவிச்சுக்காது"ன்னேன்.

"முடியாது அண்ணி"ன்னுட்டா.

சரின்னு பார்த்தா, எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. லேன் காஞ்சு கிடக்கிறது நின்னு பார்த்தாத் தெரியாது. ஷிஹானா கொண்டு வந்த பந்தெல்லாம் சொரசொரப்பு. ஒத்திகை பார்க்கவும் நேரமில்ல. அவ சுதாரிக்கிறதுக்குள்ள ஆட்டம் நம்ம கைக்கு வந்துடும். "வாயைத் திறந்துடாத, நல்லா இருப்ப"ன்னு காதுக்குள்ள சொன்னேன்.

கேட்டாளா? நேரா ஷிஹானாகிட்ட போனா.

"அக்கா, இன்னைக்கு எண்ணெய் இல்லீங்க. பூஜைக்குன்னு கழுவி விட்டுட்டேன். உங்க பந்து சரிவராது."

ஷிஹானா இவளை மேலும் கீழும் பார்த்தா. "அப்ப நீங்க எதுல ஆடப்போறீங்க?"

ஹோட்டல் பிளாஸ்டிக் பந்துகள்ல இவங்க ரெண்டு பேர் விரலுக்கும் பொருந்துறது ஒண்ணே ஒண்ணுதான், பழைய ஊதா பந்து. மேனுஷா அதைத் தூக்கிக் காட்டினா. "இதுல. நீங்களும் இதையே எடுங்க. மாறி மாறி உருட்டுவோம்."

எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த துவாயை மேசையில ஓங்கி அடிச்சேன்.

ஒரே பந்து. இவ உருட்டுவா, அது திரும்பி வந்ததும் அவ எடுப்பா. வளைவு கிளைவு ஒண்ணும் கிடையாது, நேரா ஓடுது. ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல. ஷிஹானா முடிச்சுட்டா. கடைசியா மேனுஷா உருட்டினா. எல்லாம் விழுந்துச்சு, ஓரத்துல ஒரே ஒரு பின் மட்டும் ஆடிச்சு. ஆடி ஆடி, பாவி, நின்னுடுச்சு. அந்த ஒரு பின்னுல இடம் ஷிஹானாவுக்குப் போச்சு. அவ இவளைக் கட்டிப்பிடிச்சு கண் கலங்கினா. லிங்கம் சேரும் இவ தலையைத் தடவிட்டு வேன்ல ஏறினார்.

வேன் போனதும் மேனுஷா லேன் பக்கத்துல அப்படியே உட்கார்ந்து அழுதா. நான் விடல.

"உன் வாயாலயே கெடுத்துக்கிட்டியேடி! பேசாம இருந்திருந்தா என்ன?"

"ஜெயிச்சிருப்பேன் அண்ணி, தெரியும்." மூக்கை உறிஞ்சினா. "எனக்கு அந்த இடம் வேணும் அண்ணி, ரொம்ப வேணும். ஆனா லேனைக் கழுவினது சாமிக்கு. அதை வச்சு ஒருத்தியை விழ வச்சா, என் களவுல சாமியையும் கூட்டுச் சேர்த்த மாதிரி ஆகாதா?"

அவ்வளவு நேரம் திட்டின நான், பக்கத்துல உட்கார்ந்து அவளைவிடச் சத்தமா அழுதேன்.